எழுபதுக்கு மேல் வளைவு கிடையாது

ஜனவரி 8, 2024, திங்கள்

பெயிண்ட் டப்பாவோடு கொல்லிமலைப் பஸ்ஸில் ஏற முடியாது என்பது அடிவாரத்துக் காரவள்ளியில்தான் தெரிந்தது. சேலத்திலிருந்து அடிவாரம் வரை மாறி மாறி வந்த பஸ்களில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இங்கே கண்டக்டர் பையைத் திறக்கச் சொன்னார். எனாமல் ஆறு டப்பா, தின்னர் ஒரு லிட்டர். "இது தீப்பிடிக்கிற சரக்கும்மா. உங்கள ஏத்திக்கிறேன், இத ஏத்த மாட்டேன்" என்றார். கோபமில்லை, குரலும் உயரவில்லை. அவர் பேச்சில் நியாயம் இருந்ததால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

தூறல் நிற்கவே இல்லை. மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கையில் என்ன மழை இது! கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் இன்று பள்ளிகளுக்கு லீவு என்று டீக்கடை டிவியில் ஓடியது. டீ 10 ரூபாய், மிளகாய் பஜ்ஜி இரண்டு 15. பஜ்ஜி நன்றாகவே இருந்திருக்க வேண்டும். நான்தான் அடுத்து என்ன செய்வது என்ற யோசனையில் மென்றுகொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற பிக்கப் வண்டிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே டீ குடித்திருக்கிறார். "கோழித்தீவனம் ஏத்திக்கிட்டு நான் செம்மேடுதான் போறேன். பையை வண்டியில போடுங்க. பஸ் நிக்கிற எடத்துக்கு எதிர்ல ஒரு டீக்கடை இருக்கு, அங்க குடுத்துட்டுப் போறேன். நீங்க பஸ்ல வாங்க." அவர் பெயரை நான் கேட்கவில்லை, போன் நம்பரும் வாங்கவில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் பெறுகிற சாமான். மேலே போய்ச் சேரும்வரை அதே நினைப்பு. ஜன்னலுக்கு வெளியே வெறும் மூட்டம், வேடிக்கை பார்க்கவும் ஒன்றுமில்லை.

செம்மேட்டில் இறங்கி அந்தக் கடைக்குப் போனால், நான் வாயைத் திறப்பதற்குள் டீக்கடை அக்கா பெஞ்சுக்கு அடியிலிருந்து பையை இழுத்தார். மேலே ஒரு தீவனச் சாக்கு போர்த்தியிருந்தது. "தின்னர் மூடி லூசா இருந்துச்சாம், டேப் சுத்தியிருக்காரு. சாக்கைத் திருப்பிக் குடுக்க வேணாம்னாரு." அந்த மனிதரை இனி எங்கே போய்ப் பார்த்து நன்றி சொல்வது?

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் தோழி ஒருத்தி இந்த மலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை. பதவியின் பெயர்தான் பெரிது. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தமே 23 பிள்ளைகள், இவளையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள், ஒரு வராண்டா. வராண்டாச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்துவிட்டு மூன்று மாதமாக என்னை நச்சரித்தாள். பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் ஊரெல்லாம் போர்டு எழுதியவர் என் அப்பா. அவரிடம் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டதோடு சரி, என் பிழைப்பு வேறு. "பொங்கலுக்குள்ள முடிச்சுக் குடுடி, வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல பொங்கல் வைக்கிறோம்" என்றாள். சரி என்று ஐந்து நாள் லீவு போட்டேன்.

அவள் வாரநாட்களில் ஊருக்குள் ஓர் அறை எடுத்துத் தங்குகிறாள். வீட்டுக்கார ஆயா ராத்திரிக்குச் சாமைச் சோறும் பச்சை மொச்சைக் குழம்பும் போட்டார். குழம்பில் இவர்கள் தோட்டத்து மிளகு. மூன்றாம் கவளத்தில்தான் காரம் தெரிகிறது, அதற்குள் நிறுத்த முடியாத நிலைக்கு வந்துவிடுகிறோம். இரண்டு போர்வை போர்த்தியும் கால்விரல் விறைத்தது.

ஜனவரி 9, செவ்வாய்

மாநிலம் முழுக்கப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். கீழே பல ஊர்களில் பஸ் ஓடியதாகச் சொன்னார்கள், இந்த ஊருக்குக் காலைப் பஸ் வரவில்லை. இரண்டாவது ஆசிரியர் தினமும் சேந்தமங்கலத்திலிருந்து அந்தப் பஸ்ஸில்தான் வருபவர். அவரும் வரவில்லை. ஐந்து வகுப்புக்கும் தோழி ஒருத்தி.

எட்டேகாலுக்கே பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. காலை உணவு. செவ்வாய் என்றால் கிச்சடி, சாம்பார். இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. அதற்கு முன்னால் இங்கே பாதிப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு ஒன்பதரைக்கு வருவார்கள் என்றாள் தோழி. அப்பா அம்மா விடிவதற்கு முன்பே காபி பறிக்கவோ கூலிக்கோ போய்விடுவார்கள். இப்போது பிள்ளைகள் வருகிறார்கள், ஆசிரியர் வருவதற்குத்தான் பஸ் இல்லை. எனக்கும் ஒரு கரண்டி கிச்சடி கேட்டுப் பார்த்தேன். "கணக்கு இருக்குங்க" என்று சமையல் அக்கா சிரித்தார். அளந்து வருகிற சாமான். பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

பிரேயரில் செய்தி வாசிப்பு உண்டு. எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். ஆனால் இங்கே பிரதமர், முதல்வர் செய்தி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வராண்டாவில் இருக்கிற ஒரு சின்னக் கரும்பலகையைப் பார்த்து ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி "பள்ளிச் செய்திகள்" வாசிக்கிறாள். இன்றைய செய்திகளை அப்படியே எழுதிக்கொண்டேன்:

சார் வரவில்லை. பஸ் ஸ்டிரைக்.
இரண்டாம் வகுப்புக்குப் பல் விழுந்தது.
புது அக்கா வந்திருக்கிறார். டப்பா நாறுகிறது.

இரண்டாம் வகுப்புக்கு எப்படிப் பல் விழும்? விசாரித்தால், இரண்டாம் வகுப்பில் படிப்பது ஒரே ஒரு பெண். அவளே வகுப்பு. "இரண்டாம் வகுப்பு தண்ணி குடிக்கப் போயிருக்கு", "இரண்டாம் வகுப்பு அழுவுது டீச்சர்" என்றுதான் நாள் முழுக்கப் பேச்சு. பல்லைத் தீப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். எனக்கும் திறந்து காட்டினாள், தொட விடவில்லை.

பலகைக்குச் சட்டதிட்டம் இருக்கிறது. இரண்டு பேர் பார்த்திருந்தால்தான் செய்தி. ஒருவர் மட்டும் பார்த்தது, கேள்விப்பட்டது எதுவும் ஏறாது. கழிப்பறைப் பக்கம் சாரைப்பாம்பு போனதாக மூன்றாம் வகுப்புப் பையன் சத்தியம் செய்கிறான். சாட்சியில்லாததால் இரண்டு வாரமாக அது நிலுவையில் கிடக்கிறதாம். இந்தச் சட்டத்தைப் போட்டது தோழியல்ல, அந்த ஐந்தாம் வகுப்புப் பெண். தோழி பலகையை மட்டும்தான் மாட்டினாள். "கட்டுரை எழுதுன்னா நாலு வரி எழுத அழுவுதுங்க. செய்தின்னா, எனக்கு எடமில்லன்னு சண்டைக்கு வருதுங்க." பள்ளிக் கல்வித் துறை பிள்ளைகளுக்காகப் போடுகிற ஊஞ்சல் இதழ் வந்தால் அதிலிருக்கிற படைப்புகளைப் படித்துவிட்டு, "இதுல யாரு பாத்தாங்கன்னு போடலையே டீச்சர்" என்று கேட்கிறாளாம் அந்தப் பெண். பத்திரிகைத் தொழிலுக்கு அவளை இப்போதே அனுப்பலாம்.

பத்து மணிக்கு முன்னால் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றியாக வேண்டும். டவர் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேடையில் மட்டும், அதுவும் வடக்கு மூலையில். "டீச்சர் டவர் பிடிக்கப் போறேன், பார்த்துக்கோ" என்று 23 பேரையும் என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் எனக்கு வேர்த்தது, அந்தக் குளிரிலும்.

நான் படித்த காலத்துப் பள்ளி இல்லை இது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்புவாரியாக உட்கார வைப்பதில்லை. அரும்பு, மொட்டு, மலர் என்று படிக்கிற நிலையை வைத்துத்தான் குழு. மூன்று வகுப்பு வரை 2022இல் வந்தது, இந்தக் கல்வியாண்டில் நாலும் ஐந்தும் சேர்ந்துவிட்டன. அரும்புப் பிள்ளைகள் எழுத்து அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருக்கிறார்கள், மொட்டு ஏதோ வெட்டி ஒட்டுகிறது, மலர் தானே படித்துக்கொள்கிறது. காகிதத்தில் பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் மூன்றுக்கும் ஒரே சமயத்தில் ஒருத்தி வாயைக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒன்றாம் வகுப்புப் பையன் மூக்கைச் சிந்த வருகிறான். தோழி இதைத் தினம் எப்படிச் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்ததும் கேட்டேன். "பெரியதுங்க சின்னதுங்கள பாத்துக்கும். அத நம்பித்தான் ஓடுது" என்றாள்.

மதியம் சுவருக்கு என்ன வரைவது என்று கூட்டம். 1 முதல் 100 வரை எண் பாம்பு வேண்டுமென்றாள் தோழி. எந்தப் பள்ளிக்குப் போனாலும் அந்தப் பாம்பு சுவரில் நெளிகிறது. நான் தலையாட்டப் போன நேரத்தில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். குரங்குக் குல்லாவைக் கழற்றாதவன், மூக்கும் கண்ணும்தான் தெரியும்.

"பாம்பு வேணாம். ரோடு போடுங்க. எங்க ரோடு."

காரவள்ளியிலிருந்து ஏறும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை நிற்கிறது. இந்தப் பிள்ளைகள் பள்ளியில் சேருவதற்கு முன்பே பஸ் ஜன்னலில் உட்கார்ந்து அந்த எண்களைப் படித்தவர்கள். எந்த வளைவில் யார் வாந்தி எடுத்தார்கள், எந்த வளைவில் குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கியது, எங்கே பஸ் ஒரே ஒடிப்பில் திரும்பாமல் பின்னால் வந்து மறுபடி திரும்பும், எல்லாம் எண்ணோடு சொல்கிறார்கள். 23 பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாம்பு அங்கேயே செத்தது.

தோழி விடவில்லை. "நூறு வரைக்கும் வேணும்டா. பாடத்துல நூறு இருக்கே."

"எழுபதுக்கு மேல வளைவு கெடையாது டீச்சர்."

"சும்மா போட்டுக்கலாம்."

"இல்லாத வளைவ எப்படிப் போடறது?" இது செய்தி ஆசிரியை. யார் பார்த்தது என்று கேட்காமல் விட்டாளே!

அரைமணி நேரம் போயிற்று. கடைசியில் வழி சொன்னது இரண்டாம் வகுப்பு. பல் போன ஓட்டை வழியாகக் காற்று வர, "வளைவு முடிஞ்சா படி" என்றாள். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகிற படிகள். அவை ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 71இலிருந்து படியாகப் போட்டால் நூறு என்ன, எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். ஏகமனதாக நிறைவேறியது.

ஜனவரி 10, புதன்

சார் வந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கை இரவல் வாங்கி, தூறலில் மலை ஏறியிருக்கிறார். மழைக்கோட்டைக் கழற்றியதும் சட்டையைப் பிழிந்து வேலியில் காயப்போட்டார், பிள்ளைகளுக்கான கம்பளிச் சட்டைகளில் மிச்சமிருந்த ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டுக் குழுவோடு உட்கார்ந்துவிட்டார். கை பாதி கூட நுழையவில்லை. யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

காலையில் வெண்பொங்கல். இன்று ரேஷன் கடையில் பொங்கல் பரிசு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, முழுக் கரும்பு, 1,000 ரூபாய். டோக்கன் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிற ஆயாக்களுக்குத் துணையாக ஐந்தாறு பிள்ளைகள் போய்விட்டன. பதினொரு மணிக்கு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பலகையில் உடனடியாகத் திருத்திய பதிப்பு:

ரேஷனில் கரும்பு கொடுக்கிறார்கள்.
எங்கள் கரும்பு குட்டை. சித்தப்பா வீட்டுக் கரும்பு நெட்டை.
சார் பைக்கில் வந்தார். நனைந்தார்.

கரும்புச் செய்திக்கு இரண்டு சாட்சிகள், இரு வீட்டிலிருந்தும்.

பெயிண்ட் விஷயம் வேறு கதை. சுவரில் பென்சில் கோடு போட்டு, சாம்பல் நிறத்தில் ரோட்டை இழுத்தேன். 70 வளைவையும் ஒரு சுவரில் அடைப்பது லேசில்லை. ஏழு வரிசை, வரிசைக்குப் பத்து என்று மடித்து மடித்து ஏற்ற வேண்டியிருந்தது. கீழே சமவெளியில் எனாமல் ஏழெட்டு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. இங்கே காற்றே ஈரம். சாயங்காலம் விரல் வைத்தால் காலையில் பூசியது அப்படியே வருகிறது. தின்னர் கூடக் கலந்தால் சுவரில் ஒழுகுகிறது. இருபதாம் வளைவு ஒழுகிப் பதினெட்டாம் வளைவில் சேர்ந்துவிட்டது. குல்லாக்காரன் பின்னால் நின்று பார்த்து, "அங்க நெஜமாவே மண்ணு சரிஞ்சிருக்குங்க்கா" என்று ஆறுதல் சொன்னான்.

மூன்று மணிக்குத் திடீரென்று வெயில் அடித்தது, அடுத்த கால்மணியில் மறுபடி தூறல். உள்ளே சார் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தார். நான்கு பிள்ளைகள் ஒன்றாக எழுந்தார்கள். "சார், காப்பி!" வீட்டு வாசலில் காபிப் பழம் காயப்போட்டிருக்கிறது, வீட்டில் ஆளில்லை. அறுவடை நேரம் இது, மொத்தக் குடும்பத்துக்கும் வருஷத்தில் கையில் காசு பார்க்கிற சமயம், அடுத்தது மிளகுதான். சார் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் மட்டும் ஓடுங்க. நாலு வீட்டுதையும் மூடிட்டு வாங்க." இருவர் பறந்தார்கள். வராண்டாவிலிருந்து எனக்குத் தெரிந்தது: ஒருவன் தார்ப்பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறுமுனையை இழுத்துப் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்து, குனிந்து ஒரு பழத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு அடுத்த வாசலுக்கு ஓடினான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து கழித்தலைத் தொடர்ந்தார்கள். இதை எந்தச் செயலியில் எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியவில்லை.

வேலைநிறுத்தம் நிறுத்திவைக்கப்பட்டதாக ராத்திரி செய்தி வந்தது.

ஜனவரி 11, வியாழன்

கொல்லிமலைக்கு வந்து ஆகாய கங்கை பார்க்காமல் போகலாமா என்று ஆயா கேட்டார். போகவில்லை. படியெல்லாம் பாசி, என் முழங்காலை நான் நம்புவதில்லை. சுவரில் 71 முதல் 100 வரை நானே முப்பது படி கட்டினேன், அது போதும்.

இன்று அனுமன் ஜெயந்தி. நாமக்கல் ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடை மாலை. 18 அடிச் சிலையை வடையாலேயே மூடுவார்கள். சாருடைய அம்மா விடிகாலையிலேயே வரிசையில் நிற்கப் போயிருக்கிறாராம். பிள்ளைகளுக்குக் காலையிலிருந்து வடை நினைப்பு. உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டே வடைக் கணக்குப் போட்டார்கள்: லட்சத்து எட்டு வடையை 23 பேர் தின்றால் ஆளுக்கு எத்தனை? மலர்க் குழு நிஜமாகவே வகுத்துப் பார்த்தது. 4,348 வந்தது, மீதி நான்கு. அந்த நான்கை யாருக்குக் கொடுப்பது என்று சண்டை. இரண்டாம் வகுப்புக்குக் கொடுக்கத் தீர்மானமாயிற்று, அது ஒரே ஆள் என்பதால்.

மதியம் சமையல் அக்காவோடு பாத்திரம் கழுவும் கல்லில் உட்கார்ந்திருந்தேன். மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர் அவர். ஐந்தரைக்கு எழுந்து ஆறுக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிட வேண்டும். தன் பிள்ளை இந்தப் பள்ளியில் படித்தால்தான் இந்த வேலை கிடைக்கும். அவர் மகன் ஐந்தாம் வகுப்பு.

"அவன் ஆறாவது போனா எனக்கும் டி.சி.தான்" என்றார்.

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்து ஆள் இருக்கிறார்கள், குழுவிலேயே ஒருத்தி மகள் ஒன்றாம் வகுப்பு. சரிதான், முறை மாறத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, எது கேரட்டைப் பொறுக்கி ஒதுக்கும், எதற்கு இரண்டாம் தடவை கேட்கக் கூச்சம் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். முதல் பந்தியில் கூச்சக்காரனுக்கு மட்டும் கொஞ்சம் கூட வைத்துவிடுகிறார், நான் பார்த்தேன். கணக்கு இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர்தான்.

தோழிக்கு வேறு கணக்கு. ஜூனில் ஐந்து பேர் வெளியே போகிறார்கள், அங்கன்வாடியிலிருந்து வரக்கூடியது இரண்டு பேர். ஆறாம் வகுப்புக்குச் சிலர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் போவார்கள், சிலர் செம்மேட்டுக்கு. அது பரவாயில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே வேன் வைத்துக் கூட்டிப்போகிற பள்ளிகள் இப்போது மலைக்கும் வந்துவிட்டதுதான் அவளுக்குப் பயம். "இருபதா ஆயிடும்" என்று இரண்டு தடவை சொன்னாள். சுவரில் படம் வேண்டுமென்று அவள் மூன்று மாதமாக ஏன் நச்சரித்தாள் என்று அப்போதுதான் பிடிபட்டது. வராண்டாச் சுவர் ரோட்டிலிருந்து தெரிகிறது.

மஞ்சள் பெயிண்ட் தீர்ந்து செம்மேட்டுக்குப் போய்வந்தேன். கீழே நான் வாங்கியதைவிட டப்பாவுக்கு 30 ரூபாய் கூட. ஏற்றுகூலி என்றார் கடைக்காரர். அன்னாசி ஒன்று 40 ரூபாய் சொன்னார்கள், மூன்றாக வாங்கியதில் நூறுக்கு வந்தது.

ஜனவரி 12, வெள்ளி

வடை வந்துவிட்டது. ஒரு காகிதப் பொட்டலம், முப்பது வடை இருக்கும். தட்டையாக, கெட்டியாக, மிளகு தூக்கலாக. ஊற வைக்காமல் கடித்தால் பல்லுக்கு ஆபத்து. இரண்டாம் வகுப்பு தன் வாயின் ஒரு பக்கமாகவே சாமர்த்தியமாகக் கடித்து முடித்தாள்.

பள்ளிப் பொங்கல். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, அவரும் ஒரு பிள்ளையின் அம்மாதான், வீட்டிலிருந்து பானையும் வெல்லமும் கொண்டுவந்தார். பத்துப் பதினைந்து அம்மாக்கள், நாலு அப்பாக்கள், எண்ண முடியாத அளவுக்கு ஆயாக்கள். விறகுதான் சதி செய்தது. வாரம் முழுக்க நனைந்தது, புகைகிறதே தவிர எரிய மாட்டேன் என்கிறது. ஊதி ஊதி எல்லார் கண்ணும் சிவந்துவிட்டது. குல்லாக்காரன் என்னைக் காட்டி, "அக்காகிட்ட தின்னர் இருக்கு டீச்சர், ஊத்துனா பத்திக்கும்" என்றான். காரவள்ளிக் கண்டக்டர் எவ்வளவு தீர்க்கதரிசி! தின்னர் டப்பாவைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கடைசியில் ஓர் ஆயா வீட்டுப் பரணிலிருந்து காய்ந்த சில்வர் ஓக் குச்சிகளைக் கொண்டுவந்தார், பிடித்துக்கொண்டது.

பொங்கியதும் குலவைக்குப் பதில் 23 தொண்டைகளும் சேர்ந்து கத்தின. கிழக்குப் பக்கம் வழிந்ததா, வடக்குப் பக்கம் வழிந்ததா என்று பெரியவர்களுக்குள் விவாதம். செய்தி ஆசிரியை இரண்டு தரப்பிலும் சாட்சிகளை விசாரித்துவிட்டு, "பொங்கல் பொங்கியது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை" என்று எழுதினாள்.

சாப்பிட்டானதும் ஆயாக்கள் வரிசையாக வந்து சுவரைப் பார்த்தார்கள். இன்னும் முழுக்கக் காயவில்லை, கயிறு கட்டியிருந்தேன். இருந்தும் முப்பத்தாறாம் வளைவில் ஐந்து விரல் பதிந்துவிட்டது. சின்னக் கை. யாருடையது என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஓர் ஆயா தூரத்திலிருந்து விரலை நீட்டி வளைவு வளைவாக ஏறிக்கொண்டே வந்தார். எண் படிக்கத் தெரியாதாம். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கதான் என் வீட்டுக்காரரு லாரியில கெளீனரா இருந்தப்ப வண்டி நின்னு போச்சு, ரெண்டு ராத்திரி" என்றார். பக்கத்திலிருந்த பேத்தி அந்த எண்ணைப் படித்துச் சொன்னாள்: நாற்பத்தொன்பது. "நாப்பத்தொம்பதா!" என்று ஆயா திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கூலி வேண்டாமென்று நான் முன்பே சொல்லியிருந்தேன். யார் யாரோ கொண்டுவந்து வைத்ததில் மிளகு மட்டும் முக்கால் கிலோ தேறியது. கடையில் கிலோ 600 ரூபாய் சொல்கிற சரக்கு. இதற்கெல்லாம் எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஒரு பையன் மிளகைத் தன் சட்டைப் பையிலிருந்து எண்ணி எடுத்துப் போடும்போது இன்னும் கஷ்டம்.

ஜனவரி 13, சனி

காலைப் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பொங்கலுக்குக் கீழே போகிறவர்கள், வாழைத்தார், அன்னாசி மூட்டை, கோழி இரண்டு. மேலிருந்து கீழே ரேஷன் கரும்பையும் சிலர் கொண்டுபோகிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. ஓர் அம்மா தன் மூட்டைமேல் உட்காரச் சொல்லி எனக்கு இடம் கொடுத்தார். உள்ளே குச்சிக்கிழங்கு, கொஞ்சம் குத்தியது.

முன் சீட்டு ஜன்னலோரம் குரங்குக் குல்லா. அப்பாவோடு சேந்தமங்கலத்துக்குப் புதுச்சட்டை எடுக்கப் போகிறான். என்னைப் பார்த்ததும், "சரியா இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்றான். சுவரைச் சரிபார்க்கிற வேலை. இரண்டாவது சாட்சி நான்.

மூட்டம் விலகி, வாரத்தில் முதல் தடவையாகக் கீழே சமவெளி தெரிந்தது. குல்லாக்காரன் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஆரம்பித்தான். எழுபது. அறுபத்தொன்பது. அறுபத்தெட்டு. பின்னாலிருந்து எண்ணுவது நான்காம் வகுப்பில் பாதிப் பேருக்கு வரவில்லை என்று சார் புதன்கிழமை என்னிடம் புலம்பியிருந்தார். இவன் ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. அறுபதை அடுத்து ஐம்பத்தொன்பது என்று தன்பாட்டுக்கு இறங்கினான். ஐம்பதைத் தாண்டியதும் இன்னும் இரண்டு பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள், நாற்பத்தைந்தில் ஒரு தாத்தாவும். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சில்லறை கொடுத்தார்.

முப்பத்தெட்டில் குல்லாக்காரன் குரல் நின்றது. தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தான். அப்பா முதுகைத் தடவி, பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். பின்னால் யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்கள், அது ஐந்து கை மாறி முன்னால் போயிற்று. வாய் கொப்பளித்து, குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு, பழத்தை மூக்கில் வைத்தபடியே வெளியே பார்த்தான்.

"முப்பத்தாறு" என்றான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "முப்பத்தேழு நான் பாக்கல. நீங்க பாத்தீங்களா?"